ஹெரால்டு, பிரேக் ஆயில், அப்பா

எங்க வீட்டுல ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் இருக்குன்னு ஆபீஸ்ல சொன்னா முதல்ல எல்லாரும் நிமிர்ந்து உக்காருவாங்க. போட்டோவைக் காட்டினதும் சிரிச்சிட்டு அவங்கவங்க பொட்டியைத் தட்டப் போயிடுவாங்க. ஸ்டாண்டர்டு ஹெரால்டு, 1970 மாடல், நாலு கதவு. இது எந்த ஊர்ல ஸ்போர்ட்ஸ் காருன்னு நீங்களும் கேப்பீங்க. கொஞ்சம் பொறுங்க மக்களே, கதையைக் கேட்டுட்டு தீர்ப்பு சொல்லுங்க.

1959-ல இங்கிலாந்துல டிரையம்ப் கம்பெனி ஹெரால்டைக் கொண்டு வந்தது. உடம்பை வரைந்தவர் மிச்சலோட்டி என்கிற இத்தாலிக்காரர். 1961-லிருந்து அது நம்ம மெட்ராஸிலேயே, வண்டலூர் பக்கத்துல, ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியில் தயாரானது. 1971 வரைக்கும் ஓடியது. நாலு கதவு ஹெரால்டு இந்தியாவுக்குன்னே செஞ்சது, வெள்ளைக்காரனுக்கே கிடைக்கலை. இப்ப விஷயம் என்னன்னா, 1962-ல டிரையம்ப்காரன் இதே ஹெரால்டு சேஸியைக் குட்டையாக்கி, மேல ரெண்டு சீட்டு போட்டு, கூரையைக் கழட்டிட்டு 'ஸ்பிட்ஃபயர்'னு ஒரு ஸ்போர்ட்ஸ் கார் விட்டான். அது 1980 வரைக்கும் வந்தது. முன்சக்கரத்தைத் தாங்குற அமைப்பு ரெண்டுக்கும் ஒண்ணுதான். லோட்டஸ் எலான் கூட முன்பக்கத்துக்கு இந்த டிரையம்ப் சாமானைத்தான் வாங்கிப் போட்டுக்கிச்சு. ஆக, மேல பாத்தா வாத்தியார் கார், அடியில படுத்துப் பாத்தா ஸ்போர்ட்ஸ் கார்! எங்க தாத்தா ஒருமுறை சோழவரம் ரேஸ் பாக்கப் போயி, அங்க ஹெரால்டு ஓடுறதைப் பாத்துட்டு வந்துதான் இதை வாங்கணும்னு ஒத்தைக் கால்ல நின்னாராம். 1981-ல ஒரு டாக்டர்கிட்ட இருந்து செகண்ட் ஹேண்ட்ல வாங்கினார். புளி வியாபாரிக்கு எதுக்கு இந்தக் காருன்னு ஊரே கேட்டுச்சாம்.

2009-லிருந்து இது எங்க பழைய புளி குடோன்ல தார்ப்பாய்க்கு அடியில தூங்கிக்கிட்டு இருந்தது. ஏன் தூங்கிச்சுங்கிறதுதான் இந்தப் பதிவோட பாதி. அதுக்கு வர்றேன்.

லாக்டவுன்ல ஊருக்கு வந்தவன் நான். இப்ப மாசத்துல ஒரு வாரம் பெங்களூரு, மிச்ச நாள் அரூர். சாயங்காலம் ஆணி புடுங்கி முடிச்சதும் சும்மா இருக்க கை வரலை. போன வருஷம் பொங்கலுக்கு தார்ப்பாயைத் தூக்கினேன். இன்ஜின் பரவால்ல, ரெண்டு வாரத்துல உறுமிடுச்சு. ஆனா பிரேக் பெடலை மிதிச்சா கால் நேரா தரைக்குப் போச்சு. இன்ஜினை விட்டுட்டு சக்கரத்துப் பக்கம் போனேன். ஓடாத காரால யாருக்கும் ஆபத்து இல்ல, நிக்காத கார்தான் ஆளைக் கொல்லும். பழைய கார் ஆசாமிகள் நிறைய பேர் பெயின்டுக்கும் சீட்டுக்கும் லட்சக்கணக்குல செலவு பண்ணுவாங்க, பிரேக் ஹோஸ் மட்டும் அவங்க தாத்தா காலத்துதா இருக்கும். எனக்கு இது புரியவே புரியாது.

ஹெரால்டுல வேலை செய்ய ஒரு சுகம் இருக்கு. பானெட்டோட ரெண்டு மட்கார்டும் சேர்ந்து மொத்த மூஞ்சியும் முன்னால கவிழ்ந்துடும். முன்சக்கரம் மேலயே உக்காந்துகிட்டு வேலை பாக்கலாம். இன்னிக்கு வர்ற கார்ல ஒரு பல்பு மாத்த பம்பரைக் கழட்ட வேண்டியிருக்கு.

துணைக்கு ஒரு மேஸ்திரி அண்ணன். அறுபது தாண்டியவர், சேலத்துல பழைய வண்டிகளா பாத்துட்டு இப்ப அரூர்ல ஓய்வா இருக்கார். காசு வாங்க மாட்டேன்னுட்டார். "நீ கழட்டு தம்பி, நான் உக்காந்து பாக்குறேன்" என்பதுதான் ஒப்பந்தம். பாக்குறதோட நிப்பாரா? "மாருதி டிஸ்க்கை மாட்டிரு, பூஸ்டர் ஒண்ணு வச்சிரு, சனியன் தொலையும்"னு தினமும் ஒரு தடவை சொல்லுவார். எனக்கு அதுல ஒப்புதல் இல்ல. பூஸ்டர் காலோட உழைப்பைத்தான் குறைக்கும், சூட்டைக் குறைக்காது. வண்டி எடை சுமார் 800 கிலோ. நாலு சக்கரத்துலயும் டிரம். ஒழுங்கா இருந்தா இந்த எடைக்கு அதுவே தாராளம்.

முதல்ல இடது முன்சக்கரம். இங்கதான் ஹெரால்டோட பிரசித்தி பெற்ற வில்லன் இருக்கான். சக்கரத்தைத் தாங்கி செங்குத்தா ஒரு இரும்புத் துண்டு நிக்கும், வெர்ட்டிகல் லிங்க்னு பேரு. மேல ஒரு பால் ஜாயின்ட். கீழ மத்த கார்ல இருக்கிற மாதிரி இன்னொரு பால் ஜாயின்ட் கிடையாது, டிரனியன்னு ஒரு பித்தளைக் கட்டி. அதுக்குள்ள மரை. வெர்ட்டிகல் லிங்க்கோட அடிப்பாகம் போல்ட்டு மாதிரி அந்த மரைக்குள்ள இறங்கியிருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் இரும்பு அந்தப் பித்தளைக்குள்ள திருகி ஏறி இறங்கும். இடது பக்கத்துக்கு இடது மரை, வலது பக்கத்துக்கு வலது மரை, மாத்திப் போட முடியாது.

இதுக்குள்ள ஊத்த வேண்டியது ஈபி 90 கியர் ஆயில். கம்பெனி மேனுவல்ல தெளிவாவே இருக்கு. ஆனா அந்த இடத்துல ஒரு நிப்பிள் இருக்கும். நிப்பிளைப் பாத்தா நம்ம ஆளுங்க கை சும்மா இருக்குமா? கிரீஸ் கன்னை வச்சு அடிச்சிடுவாங்க. கிரீஸ் மரையோட அடி வரைக்கும் போய்ச் சேராது. மேலயே தங்கி, காய்ஞ்சு, மெழுகு மாதிரி ஆயிடும். அடியில தண்ணி இறங்கும். துரு பிடிக்கும். ஒரு நாள் திருப்பத்துல அந்த இரும்பு கழுத்தோட முறியும், சக்கரம் அப்படியே வண்டிக்கு அடியில மடங்கிடும்.

நான் கழட்டினப்போ கிரீஸை ஸ்க்ரூ டிரைவர் வச்சு சுரண்டித்தான் எடுத்தேன். மண்ணெண்ணெய்ல கழுவினதும் கீழ் மரைகள்ல நாலஞ்சு கரையான் அரிச்ச கட்டை மாதிரி இருந்தது. அதுக்கு மேல, கழுத்துல, மயிரிழை மாதிரி ஒரு கோடு. மேஸ்திரி அண்ணன் கண்ணாடியைப் போட்டுகிட்டு நகத்தால வருடிப் பாத்தார். நகம் அதுல மாட்டிச்சு. "இந்த கார்ல குடும்பத்தோட போயிருக்கீங்களேப்பா"ன்னு மட்டும் சொன்னார். அன்னிக்கு அப்புறம் டிஸ்க் பேச்சே எடுக்கலை.

வலது பக்கம் அவ்வளவு மோசமில்ல, ஆனா ரெண்டையும் மாத்திட்டேன். டிரனியனும் புஷ்ஷும் இங்கிலாந்துல இருந்து தபால்ல. ஸ்பிட்ஃபயர் புண்ணியத்துல அங்க இன்னமும் எல்லாமே கிடைக்குது. வெர்ட்டிகல் லிங்க் மட்டும் கோயம்புத்தூர்ல ஸ்கிராப்புக்குப் போன ஒரு ஹெரால்டுல இருந்து. வாங்கினதும் மாட்டிடலை. லேத்துல கொடுத்து சுத்தம் பண்ணி, விரிசல் காட்டுற சிவப்புச் சாயம் அடிச்சுப் பாத்துட்டுத்தான் மாட்டினேன்.

புஷ்ஷுல ஒரு குழப்பம். பாலியூரித்தேன் போட்டா விறைப்பா நிக்கும், ரேஸ் ஆளுங்களுக்குப் பிடிக்கும். நான் ரப்பரே போட்டேன். அரூர் - மொரப்பூர் ரோட்டுல ரேஸ் விடப் போறதில்ல. ரப்பர் புஷ்ஷுல ஒரு சூட்சுமம், வண்டி ஜாக்கி மேல தொங்கும்போது போல்ட்டை முறுக்கக் கூடாது. சக்கரம் தரையில நின்னு, வண்டியோட பாரம் ஏறின பிறகுதான் கடைசி முறுக்கு. இல்லைன்னா ரப்பர் எப்பவும் முறுக்கிக்கிட்டே கிடந்து சீக்கிரம் கிழிஞ்சிடும். பாரத்துக்காக அம்மா, அத்தை, பின்சீட்டுல ரெண்டு மூட்டை புளி ஏத்தி உக்கார வச்சேன். "எங்கடா போறோம்?"னு அத்தை. "எங்கயும் போகலை, சும்மா உக்காருங்க"ன்னு சொல்லிட்டு அடியில பூந்தேன். அரைமணி நேரம் ரெண்டு பேரும் ஊர்க்கதை எல்லாம் பேசி முடிச்சாங்க.

பின்பக்கம் வேற கதை. வண்டிக்குக் குறுக்கால ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங், டிஃபரன்ஷியல் மேல உக்காந்திருக்கும். ரெண்டு ஆக்ஸிலும் டிஃபரன்ஷியல் கிட்ட மட்டும்தான் மடங்கும், பறவை றெக்கை மாதிரி. ஜாக்கி போட்டுத் தூக்கினா சக்கரம் ரெண்டும் முட்டி தட்டுற பையன் மாதிரி உள்ள இழுத்துக்கும். இதுலயும் ஒரு வில்லங்கம். வேகமா திருப்பத்துல போய் பயந்து சடார்னு ஆக்ஸிலேட்டரை விட்டா பின்பக்கம் எழும்பும், வெளிப்பக்க சக்கரம் அடியில மடங்கும், வண்டி வால் வீசும். 1970-ல வந்த ஸ்பிட்ஃபயர்ல, அடிப்பட்டையை மட்டும் இறுக்கி மத்த பட்டைகளை ஆட விட்டு இதைச் சரி பண்ணினாங்க. இங்க ஸ்டாண்டர்டு கம்பெனி அடுத்து விட்ட கெஸல் கார்ல இந்த அமைப்பையே தூக்கிட்டு சாதா ஆக்ஸிலைப் போட்டுட்டாங்க. நான் பட்டையைப் பிரிச்சு, துரு எடுத்து, நடுவுல இருக்கிற பொத்தான்களை மட்டும் புதுசா போட்டேன். மத்தபடி ஓட்டுற ஆள் திருப்பத்துக்கு முன்னாலயே வேகத்தைக் குறைக்கணும், அவ்வளவுதான். பட்டையைப் பிரிக்கும்போது மட்டும் விளையாடக் கூடாது. அதுல அடங்கியிருக்கிற விசை எலும்பை முறிக்கும். அன்னிக்கு மட்டும் மேஸ்திரி அண்ணன் எழுந்து வந்து அவரே பண்ணினார்.

சரி, இப்ப 2009. (கொசுவத்தியைச் சுத்துங்க.)

அப்பா அரூர்லயே அறிவியல் வாத்தியார். தாத்தாவுக்கு வயசானதும் காரை அவர்தான் ஓட்டுவார். ஒரு கல்யாணத்துக்கு சேலம் கிளம்பினோம். முன்னால தாத்தா, பின்னால பாட்டி, அம்மா, நான். மஞ்சவாடி கணவாய் இறக்கத்துல அப்பா "ஐயோ"ன்னார். பெடல் தரையோட போயிடுச்சு. ரெண்டாவது கியருக்கு இறக்கி, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமா இழுத்து, ஒரு மண் மேட்டுல ஒதுக்கி நிறுத்தினார். (இந்தக் கார்ல முதல் கியருக்கு சிங்க்ரோ கிடையாது, ஓட்டத்துல போட்டா கடகடங்கும்.) யாருக்கும் ஒண்ணும் ஆகலை. ஒரு மணி நேரம் கழிச்சு ஒரு மெக்கானிக்கைக் கூட்டிட்டு வந்தாங்க. அவர் மிதிச்சுப் பாத்தார். "பிரேக் கல்லு மாதிரி இருக்கே வாத்தியாரே, என்ன ஆச்சு உங்களுக்கு?"ன்னார். தாத்தாவும் உக்காந்து மிதிச்சுப் பாத்தார். கல்லு மாதிரிதான் இருந்தது. அங்கேயே, ரோட்டோரத்துல, எல்லார் முன்னாலயும் சொன்னார்: "பிரேக்கை மிதிக்கத் தெரியாதவனுக்கு எதுக்குடா காரு?"

அப்பா பதில் பேசலை. வீட்டுக்கு வந்து காரை குடோன்ல விட்டவர்தான், அப்புறம் எந்தக் காரையும் ஓட்டலை. ஸ்கூலுக்கு சைக்கிள், மத்ததுக்கு பஸ். 2014-ல தாத்தா போன பிறகும் அப்படித்தான். பயத்துல கிளட்சை மிதிச்சிருப்பார்னுதான் சொந்தக்காரங்க பேச்சு. அவரே அப்படித்தான் நினைச்சிருக்கார்னு எனக்கு இப்பதான் தெரியும்.

வலது முன்பக்க டிரம்மைக் கழட்டினப்போ அது சுலபத்துல வரலை, சுத்தியால தட்டித்தான் வந்தது. உள்பக்கம் மயில் கழுத்து மாதிரி நீலம் ஓடியிருந்தது. சின்னச் சின்ன வெடிப்புகள். இரும்பு ரொம்ப சூடானா வர்ற நிறம் அது. வீல் சிலிண்டர் பிஸ்டன் துருவுல இறுகி, வெளிய வந்தது உள்ள போகாம நின்னுடுச்சு. அதாவது காலை எடுத்தாலும் அந்தச் சக்கரத்துல லைனர் டிரம்மைத் தேய்ச்சுக்கிட்டே இருந்திருக்கு. அரூர்ல இருந்தே அப்படி வந்திருக்கும். (பழைய லைனர் தூளை ஊதாதீங்க மக்களே, அதுல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். தண்ணி தெளிச்சு நனைச்சுத் துடைங்க.)

பிரேக் ஆயிலை ஒரு பாட்டில்ல பிடிச்சேன். புதுசுல லேசான மஞ்சள் நிறத்துல இருக்க வேண்டியது, டீ டிகாஷன் நிறத்துல வந்தது. பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சிக்கிட்டே இருக்கும். டாட் 3 ஆயில் புதுசா இருக்கும்போது குறைஞ்சது 205 டிகிரி வரைக்கும் கொதிக்கக் கூடாதுன்னு விதி. ஈரம் ஏறின பிறகு அந்த அளவு 140 டிகிரிதான். பழகினவங்க ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தச் சொல்றது இதனாலதான்.

ஒரு கணக்கு போட்டுப் பாத்தேன். காரும் அஞ்சு பேரும் சேர்த்து 1050 கிலோன்னு வைங்க. 100 மீட்டர் உயரம் இறங்கினா, அந்த சக்தி முழுக்க பிரேக்குல சூடா மாறினால் 3 லிட்டர் தண்ணியைக் கொதிக்க வச்சிடும். ஏற்கனவே தேய்ஞ்சு காய்ஞ்சுகிட்டு இருந்த டிரம். 140 டிகிரியை எட்ட எவ்வளவு நேரமாகும்? ஆயில் கொதிச்சா ஆவிக் குமிழி வரும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். கால் தரைக்குப் போகும். ஒரு மணி நேரம் ஆற விட்டா ஆவி மறுபடி திரவமாயிடும், பெடல் கல்லு மாதிரி ஆயிடும்! தடயமே இருக்காது.

டிரம்மையும் பாட்டிலையும் எடுத்துட்டுப் போய் திண்ணையில அப்பா முன்னால வச்சேன். சொன்னேன். ரொம்ப நேரம் டிரம்மோட நீலத்தையே பாத்தார். அப்புறம் வாத்தியார் மாதிரியே கேட்டார்: "அப்ப ஆறினதும் சரியானது?" அதுக்குத்தான் ரெண்டு ஊசி சிரிஞ்சும் ஒரு டியூபும் கொண்டு போயிருந்தேன். ரெண்டையும் இணைச்சு தண்ணி நிரப்பிக் கொடுத்தேன். ஒண்ணை அமுக்கினா மத்தது எழும்பிச்சு. அடுத்து மத்த சிரிஞ்சைக் கையில இறுக்கிப் பிடிச்சுகிட்டு, கொஞ்சம் காத்தை உள்ள விட்டு அமுக்கச் சொன்னேன். இவர் கட்டைவிரல் இறங்குது, அந்தப் பக்கம் அசையலை. அமுக்கினார், விட்டார், அமுக்கினார். பதினஞ்சு வருஷமா முப்பது பசங்களுக்கு நடுவுல இதே பாஸ்கல் விதியை நடத்தின மனுஷன்.

"இது எனக்குத் தோணியிருக்கணும்"னார். அவ்வளவுதான். உள்ள போயிட்டார். ராத்திரி அம்மாகிட்ட, "கிளட்சை மிதிக்கலை நான்"னு சொல்லிக்கிட்டு இருந்தது என் ரூம் வரைக்கும் கேட்டது.

மிச்ச வேலை சீக்கிரம் முடிஞ்சது. நாலு சிலிண்டருக்கு லேத்துல ஸ்லீவ், மாஸ்டர் சிலிண்டருக்கு புது ரப்பர், ஹோஸ் எல்லாம் புதுசு, இரும்புக் குழாய்க்குப் பதிலா செம்பு-நிக்கல் குழாய், ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத லைனர் சேலத்துல ஒட்டினது. நீலம் பாஞ்ச டிரம்மைக் கடைசல் பிடிச்சுக் காப்பாத்தலாம்னு லேத்துக்காரர் சொன்னார், வெடிச்ச இரும்பை நம்ப முடியாதுன்னு வேற டிரம் தேடிப் போட்டேன். ஆயில் டாட் 4. அது ஈரம் ஏறினாலும் 155 டிகிரி தாங்கணும்.

காத்து எடுக்கும்போது பெடல் மிதிக்க ஆள் வேணும். தூரத்துச் சக்கரத்துல, அதாவது இடது பின்பக்கத்துல ஆரம்பிக்கணும். அம்மா வர்றேன்னாங்க. அதுக்குள்ள அப்பா வந்து டிரைவர் சீட்டுல உக்காந்துட்டார். "அமுக்குங்கப்பா... பிடிங்க... விடுங்க." நாலாவது சக்கரம் முடிஞ்சதும் "போதும்ப்பா"ன்னேன். இறங்கலை. இன்னும் ரெண்டு தடவை மிதிச்சுப் பாத்துட்டுத்தான் இறங்கினார்.

ஆர்.சி.யை அபராதம் கட்டிப் புதுப்பிச்சாச்சு. 50 வருஷம் தாண்டின வண்டியை 2021-ல வந்த விதிப்படி விண்டேஜ்னு பதியலாம், ஆனா தினசரி ஓட்ட முடியாது. ஓட்டாம வைக்கவா இவ்வளவும்? சாதா பதிவே போதும்னு விட்டுட்டேன். காலையில ஆறு மணிக்கு தீர்த்தமலை ரோட்டுல, முன்னும் பின்னும் ஆள் இல்லாத இடமா பாத்து, 60-ல இருந்து மெதுவா பலமுறை நிறுத்தி லைனரைப் பழக்கினேன். எந்தப் பக்கமும் இழுக்காம நேரா நிக்குது. பழைய வெர்ட்டிகல் லிங்க்கை மேஸ்திரி அண்ணன் கேட்டு வாங்கிட்டுப் போனார். அவர் பையனோட ஒர்க் ஷாப்புல கிரீஸ் கன்னுக்குப் பக்கத்துலயே கயிறு கட்டித் தொங்குது :-)

அப்பாவோட லைசென்ஸ் 2012-லயே முடிஞ்சு போச்சு. இத்தனை வருஷம் கழிச்சு சும்மா புதுப்பிக்க முடியாது, டெஸ்ட் ஓட்டிக் காட்டணும். டாக்டர் சர்டிபிகேட் வாங்கி எல்.எல்.ஆர். போட்டாச்சு. அறுபத்தி நாலு வயசுல, அவர்கிட்ட படிச்ச பசங்களோட பசங்க கூட டிரைவிங் ஸ்கூல்ல கிளாஸ் போறார். அந்த மாருதியில பிரேக் சரியில்லைன்னு தினமும் புகார். டெஸ்ட் அடுத்த மாசம். அதுவரைக்கும் ஹெரால்டை நான் ஓட்டுறேன், பக்கத்து சீட்டுல உக்காந்து அவர் பிரேக் மிதிக்கிறார். அந்தப் பக்கம் பெடலே கிடையாது.